எல்லை தாண்டிய வாளிகள்

யோசிக்காமல் செய்யும் முட்டாள்தனங்களை உலகம் எளிதில் மன்னித்துவிடுகிறது. ‘ஏதோ அவசரத்தில் செய்துவிட்டாள்’ என்று சொல்லிக் கடந்துபோகலாம். எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. என் வாழ்வின் ஆகப்பெரிய முட்டாள்தனத்தை நான் முப்பத்திரண்டு பக்கங்களுக்கு யோசித்து, மூன்று பின்னிணைப்புகள் சேர்த்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்திருந்தேன்.

மதுரையில் சமூகப்பணி முதுகலை முடித்து, சொந்த ஊரான போடிநாயக்கனூருக்குத் திரும்பியிருந்த நேரம். ஒரு சிறிய தொண்டு அமைப்பில் திட்ட ஒருங்கிணைப்பாளர் வேலை கிடைத்தது. (அமைப்பில் இருந்ததே நான் ஒருத்திதான். ஒருங்கிணைக்க வேறு ஆள் கிடையாது.) அந்த வயதில் எனக்கு ஒரு நோய் இருந்தது. எதைச் செய்வதானாலும் முதலில் அதன் விளைவுகளைப் பட்டியல் போடுவேன். பிறகு விளைவுகளின் விளைவுகளையும் போடுவேன். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று அம்மா கேட்டால்கூட உடனடி விளைவு, நீண்டகால விளைவு என்று பிரித்துத்தான் பதில் சொல்வேன். சில வாரங்களில் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார்.

எனக்கு ஒதுக்கப்பட்ட களம், ஊரின் மேற்கு விளிம்பில் மலையை ஒட்டிக் கிடக்கும் ஓடைக்கரைத் தெரு. அறுபது வீடுகள் இருக்கும். பெண்களில் பெரும்பாலோர் கேரள எல்லைக்கு அப்பால் ஏலக்காய்த் தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறவர்கள். அந்தத் தெருவில் இரண்டு பிரச்சினைகள் கண்ணுக்குத் தெரிந்தன. வீட்டுக் குப்பை முழுவதும் ஓடையில் விழுந்து, மழை பெய்தால் கீழே உள்ள வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளோ, மேற்கொண்டு எந்தப் படிப்புக்கும் இணையத்தில் விண்ணப்பிக்க வழியில்லாமல் வீட்டில் இருந்தார்கள்.

எங்களுக்கு நிதி அளித்த சென்னை அறக்கட்டளை இந்த இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியிருந்தது. தெரு மக்கள் குப்பையைப் பிரித்துப் போடும் பழக்கத்தை மூன்று மாதம் விடாமல் கடைப்பிடித்தால், சமுதாயக் கூடத்தின் பூட்டிக் கிடக்கும் பக்கத்து அறையில் நான்கு கணினிகளும் இணைய இணைப்பும் வைத்துத் தரப்படும். கடைப்பிடித்தார்கள் என்று நிரூபிப்பது என் பொறுப்பு.

நிரூபணத்தில்தான் என் மூளை பற்றிக்கொண்டது. வீட்டுக்கு இரண்டு மூடி போட்ட வாளிகள். ஈரக் கழிவுக்குப் பச்சை, உலர்ந்ததற்கு நீலம். பச்சை வாளியின் மேல் ஒரு கியூஆர் ஸ்டிக்கர். தினமும் குப்பையைப் பிரித்துப் போட்டதும், வீட்டிலுள்ள இளைஞரோ இளம்பெண்ணோ செல்போனால் அதை ஸ்கேன் செய்து ‘ஆம், பிரித்தோம்’ என்ற பொத்தானைத் தொட வேண்டும். குப்பையும் பிரியும், பிள்ளைகளுக்கு மின்னணுப் பயிற்சியும் கிடைக்கும். செயலியைக் கல்லூரித் தோழி ஒருத்தி கோவையிலிருந்து நட்புக்காகச் செய்துகொடுத்தாள். ஸ்டிக்கர்களை அச்சடித்தது பஸ் நிலையத்துக்கு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் அப்பா.

“என்ன ஆத்தா இது, குப்பைக்கு ஆதார் கார்டா?” என்று கேட்டார்.

“பங்கேற்புக் கண்காணிப்புப்பா.”

“அதத்தான நானும் கேட்டேன்” என்றார்.

திட்டத்துக்கு முன்னால் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடத்தினேன். மக்கள் ஓய்வாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தேர்ந்தெடுத்தேன். அந்த அக்கறையை நினைத்து அன்றைக்கு எனக்கே என்மீது மதிப்பு உண்டானது. பதினேழாவது கேள்வி: ‘வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ளதா?’ எல்லா வீட்டிலும் “இருக்கு” என்றார்கள். மேசைமேல் சார்ஜரில் கிடந்ததைக் கையால் காட்டவும் செய்தார்கள். ‘மின்னணு அணுகல் முழுமையாக உள்ளது’ என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

கோடியில் இருந்த வீட்டில் பவித்ரா என்றொரு பெண். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். மருத்துவ ஆய்வகப் படிப்பில் சேர ஆசை. போன வருடம் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டேன்.

“போட்டேன்க்கா. கடசி நாள்ல விட்டுப்போச்சு.”

“ஏன் விட்டுப்போச்சு?”

அவள் தன் அம்மா பாண்டியம்மாளை ஒரு பார்வை பார்த்தாள். பாண்டியம்மாள் முறத்தில் அரிசியைப் பார்த்தார். “விட்டுப்போச்சுக்கா, அம்புட்டுத்தான். இந்த வருசமும் விட்டா மலைக்குத்தான் போகணும்னு அப்பா சொல்லிட்டாரு” என்றாள் பவித்ரா. நான் காரணக் கட்டத்தில் ‘விழிப்புணர்வுக் குறைபாடு’ என்று எழுதிக்கொண்டேன். (அந்தக் கட்டத்தை இப்போது நினைத்தாலும் முகம் சூடாகிறது. குறைபாடு இருந்தது உண்மை. யாருக்கு என்பதில்தான் பிழை.)

அடுத்து, ஸ்கேன் செய்யும் நேரம். இதற்கு மட்டும் இரண்டு பக்கங்கள் செலவழித்தேன். காலை ஆறு மணி என்றால் சமையல் வேலைக்கு இடையூறு. பத்து மணி என்றால் குப்பை வண்டி வந்து போயிருக்கும். மாலை என்றால் களைப்பு. ஆகவே, யாருக்கும் சிரமமில்லாத, மக்கள் நிம்மதியாக வீட்டில் இருக்கக்கூடிய நேரம் எட்டிலிருந்து ஒன்பது வரை என்று முடிவு செய்தேன். அதற்கு வெளியே செய்யும் ஸ்கேன் செல்லாது.

நான் வெளியூர்க்காரி அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பிறந்து வளர்ந்தது போடியில். விடிவதற்கு முன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் ஜீப்புகள் எங்கள் வீட்டு முனையில்தான் திரும்பும். சிறு வயது முதல் அந்த ஹாரன் சத்தத்தைத் திட்டிக்கொண்டே புரண்டு படுத்தவள் நான். அந்த ஜீப்புகளுக்குள் யார் இருக்கிறார்கள், அவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பது என் பட்டியலின் எந்த விளைவிலும் இடம்பெறவில்லை.

திட்டம் தொடங்கியது. தொடங்கிய வேகத்தில் வெற்றியும் பெற்றது. தினமும் ஒன்பது மணிக்குக் கணினியைத் திறந்தால் ஏறக்குறைய எல்லா வீடுகளும் ஸ்கேன் செய்திருக்கும். முதல் வாரம் சந்தேகப்பட்டேன். இரண்டாம் வாரம் மகிழ்ந்தேன். மூன்றாம் வாரம் கர்வப்பட்டேன். பகலில் அறிக்கை எழுதும் வேலை இருந்ததால் தெருவுக்கு மாலை ஆறரைக்கு மேல்தான் போவேன். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இரண்டு வாளிகள் கழுவிக் கவிழ்த்துப் பளபளவென்று இருக்கும். குப்பைத் தொட்டியைத் தினமும் கழுவி வைக்கும் மக்களை நான் எங்கே கண்டேன்? ஒரு நாள் துணிந்து ஒரு பச்சை வாளிக்குள் முகத்தை விட்டு மோந்து பார்த்தேன். இலேசான ஏலக்காய் வாசம். போடியில் ரேஷன் கடைச் சாக்கிலும் ஏலக்காய் வாசம்தான் வரும் என்பதால் சந்தேகிக்கத் தோன்றவில்லை. ‘துர்நாற்றம்: அறவே இல்லை’ என்று குறித்துக்கொண்டேன். வாசல்களில் கட்டி வைத்திருந்த சாக்குகளை மட்டும், ஏலக்காய்ச் சாக்குகள் போலும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் முடிந்தது. அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மையார் நேரில் பார்வையிட வந்தார். நரைத்த தலை, கைத்தறிப் புடவை, குறைவான பேச்சு. நகராட்சியிலிருந்து சுகாதார அலுவலர் ஒருவரும் வந்தார். சமுதாயக் கூடத்தில் காலைப் பத்து மணிக்குக் கூட்டம். இருபது இருபத்தைந்து பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், முன்வரிசையில் பவித்ரா. ஆய்வகப் படிப்புக்கு விண்ணப்பிக்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. பக்கத்து அறையின் பூட்டை அவள் அடிக்கொருதரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் யாரும் வரவில்லை. வேலை நாள் என்பதால் வந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். (ஆம், அப்படித்தான் நினைத்தேன். வேலை நாள், பத்து மணிக்கு ஆள் இல்லை. அப்படியானால் எட்டரைக்கு எங்கே இருந்தார்கள்? அந்தக் கணக்கு எனக்கு வரவில்லை.)

புரொஜெக்டர் வெளிச்சம் சுவரில் விழுந்தது. நான் முக்கால் மணி நேரம் பேசினேன். அம்மையார் ஒரு கொட்டாவியை மரியாதையாக விழுங்கினார். அப்போது என் இறுதி அஸ்திரத்தை எடுத்தேன்.

“இப்போது, இன்று காலை நடந்த பங்கேற்பை வரைபடத்திலேயே பார்க்கப் போகிறோம். ஒவ்வொரு வாளியும் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும்.”

இந்த வரைபடம் புதியது. கூட்டத்தில் காட்டக் கண்ணுக்கு அழகாக ஏதாவது வேண்டும் என்று கெஞ்சி, முந்தின நாள்தான் தோழியிடம் கேட்டுச் சேர்த்திருந்தேன். ஸ்கேன் செய்யும்போது செல்போன் எங்கே இருக்கிறதோ, அங்கே புள்ளி விழும். நானும் அதை முதல்முறையாக அந்தச் சுவரில்தான் பார்க்கிறேன்.

ஓடைக்கரைத் தெரு தெரிந்தது. ஓடை தெரிந்தது. சமுதாயக் கூடமும் தெரிந்தது. பச்சைப் புள்ளி ஒன்றுகூட இல்லை.

“இன்டர்நெட் மெதுவா இருக்கு சார்” என்றேன். அரை நிமிடம் காத்திருந்தோம். வரைபடத்தைச் சிறிதாக்கினேன். போடி முழுவதும் வந்தது, புள்ளி இல்லை. இன்னும் சிறிதாக்கினேன். குரங்கணி வந்தது, மலைச்சாலை பாம்பாக நெளிந்து மேலே ஏறியது, போடிமெட்டு வந்தது, மாநில எல்லைக் கோடு வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், மலைச்சரிவில் ஒரே இடத்தில், ஈ மொய்த்ததுபோல் அறுபது பச்சைப் புள்ளிகள்.

சுகாதார அலுவலர் எழுந்து சுவருக்கு அருகே போய்க் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார்.

“ஏம்மா, இது இடுக்கி மாவட்டமில்ல?”

“ஆமா சார்.”

“நம்ம தெருக் குப்ப அங்க என்ன பண்ணுது?”

என் முப்பத்திரண்டு பக்கங்களை முதலிலிருந்து புரட்டத் தொடங்கினேன்.

“இத்தன வருசமா அவங்க குப்பைய லாரில கொண்டாந்து நம்ம பக்கம் கொட்டுறாங்கன்னு நாமதான் மனு மேல மனு குடுத்துக்கிட்டு இருக்கோம். நீங்க தினமும் காலைல ஒம்போது மணிக்குள்ள அறுபது வீட்டுக் குப்பையக் கரெக்டா ஏத்தி அனுப்பிட்டு, அதுக்கு மேப்பும் போட்டு வச்சிருக்கீங்க!” அவர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். “வெளிய தெரிஞ்சா செக்போஸ்ட்ல நம்ம காய்கறி லோடு ஒண்ணு போகுமாம்மா?”

“செயலில ஏதோ கோளாறு சார்” என்றேன். நட்புக்காக உழைத்த தோழியைக் காட்டிக்கொடுக்க எனக்கு மூன்று வினாடிகூட ஆகவில்லை.

பிள்ளைகள் பக்கம் பார்த்தேன். இருபத்தைந்து தலைகளும் தரையை ஆராய்ந்துகொண்டிருந்தன. ஒரு மூலையிலிருந்து அடக்க முடியாத சிரிப்பு ‘களுக்’ என்று வெளியே வந்து, உடனே கிள்ளி நிறுத்தப்பட்டது.

அம்மையார் மட்டும் பதறவில்லை. “யாராவது ஒருத்தருக்கு போன் போட்டுக் கேளுங்களேன். எல்லாரும் கேக்குற மாதிரி போடுங்க” என்றார்.

பாண்டியம்மாளின் எண்ணை அழைத்தேன். அழைப்பு போய்க்கொண்டே இருந்தது. நல்லவேளை, எடுக்க மாட்டார் என்று நான் நிம்மதியடைந்த கணத்தில் எடுத்துவிட்டார்.

“யாரு?” என்ற குரல் கூடமெங்கும் அதிர்ந்தது.

“பாண்டியம்மாக்கா, நான்தான் பேசுறேன்.”

“டீச்சரா? சொல்லு தாயி. ஏய், டீச்சரு பேசுறாக, சத்தங்காட்டாம இருங்கடி.” (அந்தத் தெருவில் நோட்டுப் புத்தகத்துடன் வரும் பெண்கள் எல்லோரும் டீச்சர்கள்தான்.)

“அக்கா, நாங்க குடுத்த பச்ச வாளி எங்க இருக்கு?”

“இடுப்புல இருக்கு தாயி.”

சுகாதார அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இடுப்புலயா?”

“ஆமா. துணி போட்டுக் கட்டியிருக்கேன். பாதி ரொம்பிருச்சு. இந்தத் தடவ காயி நல்ல திரட்சி.”

“அப்ப நீல வாளி?”

“அதுல சோத்து டப்பா. ரெண்டையும் ஒண்ணாக் கலக்கவே கூடாதுன்னு நீதான தாயி சொன்ன?”

பின்னால், தோட்டத்துச் சூப்பர்வைசராக இருக்க வேண்டும், ஓர் ஆண் குரல் மலையாளத்தில் “எந்தா அவிடே?” (அங்கே என்ன?) என்று அதட்டியது. “ஒண்ணுமில்ல சாரே, எங்க ஊரு டீச்சரு வாளியக் கேக்குறாக” என்று பாண்டியம்மாள் அவருக்குப் பதில் சொல்வதும் கேட்டது.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. “அக்கா, அப்ப குப்பைய எதுல போடுறீங்க?”

“குப்பையா? அது சாக்குல கெடக்கும். இம்புட்டு நல்ல வாளில எவளாச்சும் குப்பையப் போடுவாளா தாயி?” என்றார். மலைமேல் பத்துப் பதினைந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் போடியில் கேட்டது.

“எட்டு மணிக்கு ஸ்கேன் பண்றது?”

“அதெல்லாம் வுடுறதே இல்ல. இங்க பாற மேல ஏறுனாத்தான் டவரு. இன்னைக்குப் பாற மேட்டுலயே காயெடுக்குறோம், அதான் நீ கூப்புட்டது விழுந்துச்சு. சாயா குடிக்க விடுவாகள்ல, அப்ப எல்லாரும் வெரசா ஏறி, வாளியக் காட்டித் தட்டிட்டு எறங்கிருவோம். மழையில கூட ஏறியிருக்கோம். சின்னத்தாயி ஒரு நாளு வழுக்கிக்கூட விழுந்தா.” குரலைத் தாழ்த்தினார். “ஏன் தாயி, கம்ப்யூட்டரு வந்துருச்சா?”

நான் போனை அணைத்தேன்.

அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். “ஆக, பதிவு எல்லாமே தப்பு” என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து அறையின் பூட்டு திறக்கப்போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. அதைவிட வேகமாகப் பவித்ராவுக்குப் புரிந்திருக்க வேண்டும். எழுந்து நின்றுவிட்டாள்.

“மேடம், அந்தப் புள்ளியெல்லாம் குப்ப இல்ல மேடம்.”

“பின்ன?”

“எங்க வீட்டு போனு.”

அம்மையார் அவளைப் பார்த்தார். பவித்ரா சுவரைக் கைகாட்டினாள்.

“எல்லா வீட்லயும் ஒரு போனுதான் மேடம். எந்த எஸ்டேட்டுக்கு ஆளு வேணும், ஜீப்பு எங்க நிக்குதுன்னு டிரைவரண்ணே அதுலதான் வாய்ஸ் போடுவாரு. அதனால காலைல அஞ்சு மணிக்கு அம்மாவோட மலையேறிரும். வர ஆறரை ஆயிரும். போன வருசம் பிரவுசிங் சென்டர்ல போயி அப்ளிகேசன் போட்டேன். ஓடிபி அம்மா நம்பருக்குப் போயிருச்சு. அம்மா காட்டுக்குள்ள. டவரு இல்ல. பத்து நிமிசத்துல செத்துரும் மேடம் அந்த நம்பரு. நாலு தடவ கேட்டேன், நாலு தடவையும் செத்துருச்சு. அஞ்சு மணிக்கு சைட்டே மூடிட்டான்.”

“இதையெல்லாம் ஏம்மா இந்தக்கா கிட்ட முன்னாலயே சொல்லல?” என்றார் சுகாதார அலுவலர்.

பவித்ரா என்னைப் பார்க்கத் தயங்கினாள். “போனு இருக்கான்னு கேட்டாங்க சார். இருக்குன்னு சொன்னோம். எப்ப இருக்கும்னு கேக்கல. வாளி மலைக்குப் போறதச் சொன்னா கம்ப்யூட்டரு வராதோன்னு அதுவும் சொல்லல.”

அடுத்த பத்து நிமிடத்தில் நாங்கள் எல்லோரும் தெருவுக்குள் நடந்தோம். வாசல்களில் கட்டியிருந்த சாக்குகளை, ஏலக்காய் என்று நான் மூன்று மாதமாக நம்பிவந்த சாக்குகளை, பிள்ளைகள் அவிழ்த்துக் காட்டினார்கள். ஒன்றில் பால் கவர், ஒன்றில் பாட்டில், ஒன்றில் மருந்துப் புட்டிகள். அம்மாக்கள் இல்லாத பகலில் அவர்களே பிரித்துக் கட்டி, பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவந்திருக்கிறார்கள். மிஞ்சிய சோறும் காய்கறித் தோலும் ஆடுகளுக்கு. ஏலக்காய் இருந்த வாளியைக் குப்பை என்றும், குப்பை இருந்த சாக்கை ஏலக்காய் என்றும் கருதியவள் அந்தத் தெருவிலேயே முதுகலைப் பட்டம் பெற்ற ஒருத்திதான். ஓடை முழுவதும் சுத்தமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். குழந்தைகளின் டயப்பர்களுக்கு யாரிடமும் வழி இல்லை, அவை அப்படியே கிடந்தன. ஆனாலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. முன்பு அது தெரியாது.

அம்மையார் ஓடைக்கரையில் சிறிது நேரம் நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“அறை திறக்கட்டும். ஆபீஸ் மாதிரி காலைல பத்து மணிக்கு இல்ல, பிள்ளைங்க எப்ப சொல்றாங்களோ அப்ப. வாளி மலையிலயே இருக்கட்டும். உங்களுக்கு மட்டும் ஒரு வேலை. இனிமே ஒரு வரி எழுதுறதுக்கு முன்னாடி, ஒரு வாரம் அந்த ஜீப்புல போயிட்டு வாங்க.”

போனேன். ஐந்து மணிக்கு, எங்கள் வீட்டு முனையில், நான் காலமெல்லாம் திட்டிய அதே ஹாரனுக்கு ஓடிப்போய் ஏறினேன். எண்ணிப் பார்க்கக் கூடாத அளவு ஆட்கள் உள்ளே இருந்தார்கள். ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் வயிறு புரண்டது. எட்டாவதில் தாங்க முடியவில்லை. பாண்டியம்மாள் சட்டென்று சோற்று டப்பா இருந்த நீல வாளியை ஒதுக்கிவிட்டு, காலியாக இருந்த பச்சையை நீட்டினார். எங்கள் திட்ட விதிகளின்படி பச்சை வாளிக்குள் ஈரக் கழிவு விழுந்தது அந்த ஒரு முறைதான்.

“ஏன் தாயி, என் நல்ல வாளி!” என்று அவர் வைத்த ஒப்பாரியில் ஜீப்பே குலுங்கியது. டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் சாய்ந்து சிரித்தார். அதன் பிறகு நான் தோட்டத்தில் பாதி நேரம் அந்த வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்தின் கடைசி நாள் பவித்ராவின் விண்ணப்பத்துக்கும் கடைசி நாள். கீழே புதிதாகத் திறந்த அறையில் கணினி முன்னால், நான் விட்டுவந்த என் போனுடன் அவள்; மேலே பாறைமேல் அவள் அம்மாவுடன் நான். கணினி வந்துவிட்டாலும் ஓடிபி இன்னமும் மலைக்குத்தான் வரும் என்பதை அதற்குள் நான் கற்றுக்கொண்டிருந்தேன். சாயா நேரத்துக்கு என்று பேசி வைத்துக்கொண்டோம். அவளுடன் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் போனில் குறுஞ்செய்தி விழுந்தது. ‘இந்த இரகசிய எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்’ என்ற எச்சரிக்கையை நான் வாசித்து முடிப்பதற்குள், பாண்டியம்மாள் போனைப் பறித்து, மலைக்கும் ஊருக்கும் நடுவில் கம்பி ஏதும் இல்லை என்ற நம்பிக்கையில் முழுக் குரலெடுத்துக் கூவினார்.

“எழுதிக்க புள்ள! நாலு! ஒம்போது! ஒம்போது…”

“ரெண்டு ஒம்போதாம்மா?” என்றது போன்.

“ரெண்டு ஒம்போதாங்குறா” என்றார் பாண்டியம்மாள் எங்களிடம். பாறையில் இருந்த அத்தனை பெண்களும் “ஆமா, ரெண்டு!” என்று ஒருசேரக் கத்தினார்கள். ஆறு எண்களும் முடிந்தபோது அந்த இரகசியம் எஸ்டேட் முழுவதும் தெரிந்திருந்தது. சூப்பர்வைசர்கூடக் கடைசி எண்ணைச் சரிபார்த்துத் தலையாட்டினார். யாரும் சாயாவைத் தொடவில்லை. பிறகு பவித்ரா, “போயிருச்சும்மா” என்றாள். நான்கு முறை செத்துப்போன எண் ஒருவழியாகப் பிழைத்துக்கொண்டது.

இதெல்லாம் நடந்து சில வருடங்களாகின்றன. பவித்ரா இப்போது தேனியில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். நான் கருவுற்றிருந்தபோது என் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவள் அவள்தான். “வலிக்குதாக்கா?” என்று கேட்டாள். வலித்தது. இல்லை என்றேன். ஓடைக்கரைத் தெருவில் இன்னமும் காலை சாயா நேரம்தான் ஓடிபி நேரம். பிள்ளைகள் எல்லா விண்ணப்பங்களையும் அதற்கேற்றாற்போல் போடுகிறார்கள்.

என் வீட்டில்தான் நிலைமை சீராகவில்லை. பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், பொண்ணு என்ன வேலை என்ற கேள்விக்கு, “ஏற்றுமதி” என்று அப்பா சொல்லிவிட்டார். போடியில் ஏற்றுமதி என்றால் ஏலக்காய் என்பதால் வந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “குப்பைங்க. கேரளாவுக்கு” என்று அப்பா முடித்தார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல், என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டார். பின்னிணைப்புகள் உட்பட முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இப்படியொரு மனிதரை விட்டுவிடுவதன் நீண்டகால விளைவுகளை யோசித்து, உடனே சம்மதித்தேன்.

அது என் கணிப்புகளில் இன்னொரு பிழை. அவர் அன்றைக்குச் சிரிப்பைத் தள்ளிப்போட்டிருக்கிறார், அவ்வளவுதான். வீட்டில் ஸ்கூட்டர் சாவி காணோம், கரண்டி காணோம் என்று நான் தேடினால், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், “எல்லைக்கு அந்தப் பக்கம் பாத்தியா?” என்பார். இரண்டு வயது மகளும் இப்போது கற்றுக்கொண்டுவிட்டாள். செருப்பு எங்கே, பொம்மை எங்கே, தாத்தா எங்கே என்று எதைக் கேட்டாலும் ஜன்னலருகே போய் நின்று, மேற்கே மலையைக் கைகாட்டுகிறாள்.